ஆபரேட்டர் அண்ணாச்சி பதில்கள்: புற்றும் புரொஜெக்டரும்

போன இதழில், 'ஆடி பிறந்தால் எங்கள் கொட்டகையில் பாம்பு படம்தான்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு கட்டு இருக்கிறது. மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இந்த முறை முழுக்கப் பாம்புதான். பயப்படுகிறவர்கள் நேராக ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடலாம்.

தமிழ் சினிமாவில் பாம்பு வந்தாலே பழிவாங்கத்தான் வருகிறது. இந்தக் கதை நம்முடையதா, வெளியிலிருந்து வந்ததா, அண்ணாச்சி?
*கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

பாதி பம்பாயிலிருந்து ரயிலேறி வந்தது தங்கச்சி. மீதி நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ஏற்கெனவே இருந்தது.

1976இல் இந்தியில் 'நாகின்' என்று ஒரு படம் வந்தது. ராஜ்குமார் கோலி எடுத்தது. ஜோடியைச் சுட்டுக் கொன்றவர்களைப் பெண் பாம்பு நினைத்த உருவம் எடுத்து ஒவ்வொருவராகத் தீர்க்கும். அதைத்தான் 1979இல் 'நீயா?' என்று தமிழில் எடுத்தார்கள். கமல்ஹாசனும் ஸ்ரீப்ரியாவும் நடித்தார்கள், இசை சங்கர் கணேஷ். இயக்கியவர் துரை. அதே வருஷம்தான் 'பசி' படமும் வந்தது, ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதையும் இயக்கியவர் இதே துரைதான். சென்னையில் குப்பை பொறுக்கும் ஒரு பெண்ணின் வயிற்றுப்பாட்டை அப்படி எடுத்த மனுஷன், அதே வருஷத்தில் உருவம் மாறும் நாகத்தையும் எடுத்தார். விமர்சகர்கள் முதல் படத்தைப் பற்றி மட்டும் எழுதுவார்கள். படப்பெட்டி சுமந்த எங்களுக்கு இரண்டும் துரை படம்தான்.

அதற்கு முன்னால் தமிழ்ப் படத்துப் பாம்புக்கு வேறு உத்தியோகம். 1974இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'வெள்ளிக்கிழமை விரதம்' வந்தது. சிவகுமார், ஜெயசித்ரா. அதில் பாம்பு கும்பிட்டவளைக் காப்பாற்றும். தேவருக்கு யானை, ஆடு, பாம்பு எல்லாம் ஒரே கணக்குதான். நம்பினவர் வீட்டுக்குக் காவல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 'நீயா?' வந்த பிறகுதான் காவல்காரப் பாம்பு பழிகாரப் பாம்பு ஆனது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பாய். பாதியில் தூங்கிப்போயிருந்தால் உன் ஆச்சியிடம் கேட்டுக்கொள். அதில் வருவது நீலி கதை. ஒரு தாசி, அவளிடம் சொத்தையெல்லாம் இழந்த ஒரு பிராமணன். ஊர்விட்டுப் போகிறவனுக்குப் பின்னாலேயே அவள் போகிறாள். காட்டுவழியில் தன் மடியில் தலைவைத்துத் தூங்கியவளைக் கல்லால் அடித்துக் கொன்று நகையைக் கழற்றிக்கொள்கிறான். அவள் சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைக்கிறாள். நகையோடு போனவன் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டிச் சாகிறான். கவனித்தாயா? அந்தக் கதையிலும் பாம்பு உண்டு. வந்தது, தீண்டியது, போய்விட்டது. புலவர் அதற்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை. கணக்கு முடியாமல் தானும் அவனும் மறுபிறவி எடுத்த பிறகு, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருஷன்' என்று பழையனூர்ப் பெரியவர்களையே நம்ப வைத்து, அவனைத் தேடிவந்து முடிக்கிறவள் நீலிதான்.

பழி நம்மூரில் பெண்ணின் வேலை. பாம்புக்கு அந்த வேலை கிடையாது. சினிமா செய்தது என்னவென்றால், நீலியின் வேலையைத் தூக்கிப் பாம்பின் தலையில் வைத்தது. எங்கள் கொட்டகையில் 'நீயா?'வுக்குத் தரை டிக்கெட்டில் பெண்கள் பக்கம் மணல் தெரியாமல் கூட்டம் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கதை அவர்களுக்குப் புதிது இல்லை. ஒவ்வொருத்தனாகச் சாகச் சாக, 'அப்படிப் போடு' என்று குரல் வரும். அது பாம்புக்கு விழுந்த கைத்தட்டல் இல்லை.

இந்த வகைப் படங்களில் ஒரு காட்சி உண்டு. செத்த பாம்பின் கண்ணில் கொன்றவர்களின் உருவம் பதிந்திருக்கும், ஜோடிப் பாம்பு அதைப் பார்த்து ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும். படம் பிடிப்பவர்களுக்குத்தானே இப்படி யோசிக்கத் தோன்றும்? கேமராவைக் கொண்டுபோய்ப் பாம்பின் கண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். ஊரில் அதை நம்பினார்கள். நல்ல பாம்பை அடித்துவிட்டால் பால் ஊற்றி, காசு போட்டுப் புதைக்கிற வழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான். சிலர் அதோடு நிற்காமல், படம் பார்த்த பிறகு தலையையும் நசுக்க ஆரம்பித்தார்கள்.

பாம்பு பால் குடிக்குமா?
*பெயர் வேண்டாம், கடையம்*

விரும்பிக் குடிக்காது. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் போட்டுவைத்தால் எதில் வேண்டுமானாலும் வாயை வைக்கும். படத்தில் நீங்கள் பார்த்தது அந்தத் தாகம்தான். பாலைச் செரிக்கிற வயிறு அதற்கு இல்லை.

ரஜினி படம் என்றால் ஒரு பாம்பு காட்சி வேண்டும் என்று கணக்கு இருந்ததா? எது உங்களுக்குப் பிடித்தது?
*ஆட்டோ ஓட்டுநர், வண்ணார்பேட்டை*

கணக்கெல்லாம் எழுதி வைக்கவில்லை தம்பி. ஒன்று எடுபட்டால் அதையே திரும்ப வைப்பார்கள், சினிமாவில் அது சகஜம்.

தொடக்கம் 1984இல் 'தம்பிக்கு எந்த ஊரு'. ராஜசேகர் இயக்கியது. சாவகாசமாகப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறவர் மேல் பாம்பு ஏறும். பார்த்ததும் பேச்சு வராது. அதுவரை சண்டைக்கும் சிகரெட்டுக்கும் விசில் வாங்கின ஆள், பயந்து நடித்து விசில் வாங்கினார். நிறையப் பேர் அவர் ஸ்டைலைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்த வாய் குழறல்தான் பிடிக்கும்.

1992இல் 'அண்ணாமலை'. பெண்கள் விடுதிக்குள் மாட்டிக்கொண்டவர் மேல் பாம்பு ஏற, 'கடவுளே கடவுளே' என்று அவர் நடுங்குகிற காட்சி. அந்தப் பாம்புக்கு வாய் தைத்திருக்க வேண்டுமாம். தைக்கவில்லை என்பது எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது என்று இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை நான் சிரித்துப் பார்த்ததில்லை. ஆளுக்காக ஒரு பயம். வாய் தைப்பது என்பது சாதாரணமாக நடந்துகொண்டிருந்த காரியம் என்று தெரிகிறதே, அதற்காக இன்னொரு சங்கடம்.

அப்புறம் 1999இல் 'படையப்பா'. அறிமுகத்திலேயே புற்றுக்குள் கையை விட்டுப் பாம்பை எடுத்து முத்தம் கொடுப்பார். பதினைந்து வருஷத்தில் பயந்தவர் பயமில்லாதவர் ஆகிவிட்டார். அவரை மேலே ஏற்ற ஏற்ற, பாம்பு காட்சியின் ருசி போய்விட்டது என்பது என் கட்சி. சண்டைக்கு வராதீர்கள். இன்னொன்று சொல்கிறேன். அந்தப் படத்தில் நீலாம்பரியாக வந்த ரம்யா கிருஷ்ணன், 2001இல் இயக்குநர் இராம.நாராயணன் எடுத்த 'நாகேஸ்வரி'யில் தானே நாகதெய்வமாக வந்துவிட்டார்.

மகுடி வாசித்தால் பாம்பு ஆடுகிறதே, அது என்ன ராகம்?
*நையாண்டி மேளக் கலைஞர், ஆலங்குளம்*

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன் அண்ணாச்சி? கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கச்சேரிக்காரர்கள் பாம்போடு சேர்த்துச் சொல்வது புன்னாகவராளி. ராத்திரியில் அதைப் பாடினால் பாம்பு வரும் என்று பாடாமல் இருந்தவர்கள் உண்டு.

ஆனால் இப்போது கரகாட்டத்தில் 'மகுடி வாசி' என்றால் உங்கள் ஆட்கள் வாசிப்பது பெரும்பாலும் 1954இல் வந்த இந்தி 'நாகின்' மெட்டு. வைஜெயந்திமாலா ஆடியது. இசை ஹேமந்த் குமார். அந்தப் படத்து மகுடி ஓசை மகுடியிலிருந்து வரவில்லை. கிளாவியோலின் என்கிற மின்சார வாத்தியத்தில் கல்யாண்ஜி வாசித்தது. பின்னாளில் தம்பி ஆனந்த்ஜியோடு சேர்ந்து கல்யாண்ஜி ஆனந்த்ஜி என்று பேர் வாங்கினவர்தான் அவர். மின்சாரப் பெட்டியில் பிறந்த மகுடி ஓசையை நாதஸ்வரத்தில் ஏற்றி, சுடலைமாடன் கோயில் முற்றத்தில் ஊதி, அதற்கு ஆட்கள் தரையில் புரண்டு ஆடுகிறார்கள். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல மெட்டு ஊர் கேட்டுப் போவதில்லை.

பாம்புக்கு அந்த மெட்டெல்லாம் தெரியாது. வெளிக்காது கிடையாது. தரை அதிர்வு அதற்கு நன்றாகத் தெரியும், காற்றில் வரும் தாழ்ந்த ஓசையும் ஓரளவு எட்டும். அது பார்ப்பது மகுடியின் அசைவையும் பிடித்திருக்கிற கையையும்தான். எங்கே அடிப்பானோ என்று கூடவே திரும்புகிறது. நாம் அதை ஆட்டம் என்கிறோம்.

எங்கள் கோயில் புற்றையும் படத்தில் வரும் புற்றையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள் என்று என் மாமியார் கோபப்படுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*வாசகி, சங்கரன்கோவில்*

உங்கள் அத்தை சொல்வது சரி. அவர்கள் பக்கம்தான் நான்.

சங்கரன்கோவில் கதையில் இரண்டு நாகர்கள். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். யார் பெரியவர் என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கோமதி அம்மன் தவம் இருக்க, ஆடித் தபசு அன்று சிவனும் திருமாலும் ஒன்றாகச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிறார்கள். விவகாரம் தீர்ந்தது. யாரும் யாரையும் கொத்தவில்லை. பாம்பு தர்க்கம் பண்ணி, பதிலைக் கேட்டு ஒத்துக்கொண்ட ஊர் அது. புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம், மேலுக்குப் பூசிக்கொள்கிறோம். பூச்சிக்கடி, விஷக்கடி வரக் கூடாது என்று பாம்பும் தேளுமாகத் தகட்டு உருவம் வாங்கிக் காணிக்கை போடுகிறோம். அங்கே பாம்பு குடியிருக்கிற சாமி. நாம்தான் அதன் வாசலில் போய் நிற்கிறோம்.

படத்துப் புற்று அப்படி இல்லை. அது வில்லனுக்காகக் காத்திருக்கிறது. இராம.நாராயணன் நம் காரைக்குடிக்காரர், பல மொழிகளில் நூற்றுக்கு மேல் படம் எடுத்தவர், அந்த ஊர் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். 1990இல் 'ஆடி வெள்ளி' எடுத்தார். யானையும் உண்டு, பாம்பும் உண்டு. 2000இல் 'ராஜகாளியம்மன்', 'பாளையத்து அம்மன்' என்று வரிசையாக வந்தன. அவர் படங்களை ஏளனம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மாதச் சீட்டுக் கட்டுகிற பெண்களை வீட்டைவிட்டுத் தியேட்டருக்கு வரவழைத்தவர் அவர்.

அப்படிப் படம் ஓடுகிற நாளில் கொட்டகை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வாசலில் களிமண்ணில் ஒரு புற்று செய்து மஞ்சள் துணி சுற்றி வைத்திருப்போம். மதியத்துக்குள் அதன் மேல் பாலும் முட்டையும் ஊற்றி ஈ மொய்க்கும். எங்களிடம் ஒற்றை மெஷின், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டும். அம்மன் வருகிற ரீல் எது என்று எனக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அடுத்த காட்சிக்கு அந்த ரீல் ஏறும்முன் முதலாளி இரண்டு பையன்களை மணல்வாளியோடு பெண்கள் பக்கம் நிறுத்திவிடுவார். கூரை கீற்று. உள்ளே யாராவது சூடம் ஏற்றினால் படத்தில் தீ மிதிக்கிறபோது கொட்டகையும் சேர்ந்து எரியும். சாமி வந்து ஆடுவார்கள். தலைமுடி அவிழ்ந்து, திரை வெளிச்சம் முகத்தில் விழ, ஒரு அக்காள் வேப்பிலையோடு எழுந்தால் பத்துப் பேர் எழுவார்கள். ரீல் முடிந்து விளக்கு வந்ததும் ஆடினவர்கள் மெல்ல உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, பக்கத்தில் இருப்பவளிடம் முறுக்கு வாங்கித் தின்பார்கள். இதில் நடிப்பு எது, சாமி எது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தவன் நான். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

அந்தக் காலத்தில் நிஜப் பாம்பை வைத்தே எடுத்தார்களா? இப்போது ஏன் கம்ப்யூட்டர் பாம்பு?
*பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம்*

நிஜம்தான் சார். தலையைத் தூக்கிப் படம் விரிக்கிற காட்சிக்கு நல்ல பாம்பு. ஊர்ந்து போகிற காட்சிக்குச் சாரை. கடிபட்டாலும் விஷம் இல்லை, வேகமாகவும் ஓடும். சென்னையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அது ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். வயலில் நிற்கிற நம் ஆட்கள் விடுவார்களா? பயங்கரமான இசையோடு நாகராஜன் வருகிறார், தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "ஏல, இது சாரைல்லா!" அவ்வளவுதான், கொட்டகையே சிரிக்கும். அதற்குப் பிறகு அம்மனே வந்தாலும் படத்தைத் தூக்கி நிறுத்த முடியாது.

பல்லைப் பிடுங்குவார்கள், வாயைத் தைப்பார்கள். பல் திரும்ப முளைக்கும். தைத்த வாய் திறந்து இரை எடுக்க முடியாமல் பாம்பு கொஞ்ச நாளில் செத்துப்போகும். நாகராஜாவுக்குப் படப்பெட்டி முன்னால் தேங்காய் உடைத்துவிட்டு இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருந்தது. 2001இல் காட்சி விலங்குகளுக்கான பதிவு விதிகள் வந்த பிறகு, விலங்குகள் நல வாரியத்திடம் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு கோழியைக்கூடக் காட்டுவது கஷ்டம் ஆகிவிட்டது. அதனால் கம்ப்யூட்டர். அது ஊர்வதில்லை, வழுக்குகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அதுவே இருக்கட்டும்.

பழைய ஆசை போகாதவர்களுக்கு டி.வி. இருக்கிறது. 2017இல் சுந்தர்.சி கதை எழுதி 'நந்தினி' என்று தொடர் வந்ததே, தினமும் ராத்திரி வீட்டுக்குள்ளேயே நாகம் வந்துபோனது.

எங்கள் வயலில் கண்ணாடி விரியன் அதிகம். படத்தில் கதாநாயகன் கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சித் துப்புகிறானே, அதைச் செய்யலாமா? என் வீட்டுக்காரர் செய்யலாம் என்கிறார்.
*விவசாயி வீட்டு வாசகி, களக்காடு*

கூடவே கூடாது தாயி. அது கதாநாயகியைத் தொடுவதற்குச் சென்ஸார் விட்ட ஒரு சந்து, வைத்தியம் இல்லை. உறிஞ்சினால் விஷம் வராது. பிளேடால் கீறினால் கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் உறையாமல் போய்க்கொண்டே இருக்கும், அந்த விஷத்தின் வேலையே அதுதான். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் காலே போகலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்காமல், 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கே உண்டு. பெரிய சிக்கல் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978இலிருந்து. படத்தில் பாம்பு பிடிக்கிறவன் என்றால் தலைப்பாகை கட்டிக்கொண்டு வில்லனிடம் காசு வாங்கிக் கூடையைத் திறந்துவிடுவான். நிஜத்தில் பாம்பு பிடித்து உயிர் காப்பாற்றுகிற இந்த ஆட்களை நாயகனாக வைத்து ஒரு நல்ல மசாலா படம் எடுத்தால் என்ன?

பாம்பு படம் ஓடும்போது கொட்டகைக்குள் நிஜப் பாம்பு வந்ததுண்டா? பொய் சொல்லக் கூடாது.
*முன்னாள் பக்கத்து ஊர்க்காரர், இப்போது மும்பை*

பொய் எதற்கு? கொட்டகை வயலை ஒட்டி இருந்தது. சிந்தின கடலைக்கும் முறுக்குக்கும் எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எந்தப் படம் ஓடுகிறது என்று பார்த்தெல்லாம் வராது. பெரும்பாலும் சாரை. ஒருமுறை குடும்பப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெஞ்சு டிக்கெட் பக்கம் வந்து, இடைவேளை விளக்கைக் கண்டு தட்டிக்குள் நுழைந்துகொண்டது. கூட்டம் வெளியே ஓடி, பாதிப் பேர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். முதலாளி கல்லாவைப் பூட்டி இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு, "பாம்பு படத்துக்கு வாங்குற அதே காசுதாம்ய்யா இதுக்கும்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து அடுத்த ரீலை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். முக்கால்வாசிப் பேர் திரும்ப உள்ளே வந்துவிட்டார்கள். காலை மட்டும் பெஞ்சு மேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.